முப்பது கடிகாரச் சுற்று

“ஆறாயிரம், முப்பது. அதுக்கு மேல பேச்சே—”

“எட்டாயிரம், நாப்பது. நான் சொல்றதை முழுசா—”

“முழுசாக் கேட்டாலும் அதையேதான் சொல்லப் போறே. எட்டாயிரம் பெரிசு, அதனால அதுதான்—”

“பெரிசுன்னு நான் சொன்னேனா? என் வாயில வந்து—”

“வார்த்தையைத் திணிக்காதீங்கன்னு சொல்லப் போறே.”

“அதையாவது என்னைச் சொல்ல விடுங்களேன்.”

கணினிச் சாமான் கடைக்காரர் இரண்டு அட்டைப்பெட்டிகளையும் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, பந்தாட்டம் பார்க்கிறவரைப் போல இப்படியும் அப்படியுமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டியிலும் இருந்தது மெமரிதான். விரல் நீளப் பட்டைகள், ஜோடி ஜோடியாக.

கணினி அவளுடையது. இனிமேல் கட்டப்போகிற வீடுகளைத் திரையில் முன்கூட்டியே எழுப்பிக் காட்டுவது அவள் தொழில். சுவர், படி, ஜன்னல், ஜன்னல் வழியே கூடத்தில் விழப்போகிற நாலு மணி வெயில், எல்லாம் அவள் கையால் வரும். அதனால் கணவர் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். அவர் மொழிபெயர்ப்பாளர். மாநாடுகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மேடையில் ஒருவர் ஒரு மொழியில் பேசப்பேச, அதே மூச்சில் இன்னொரு மொழியில் சொல்லிக்கொண்டே போவார். பேச்சாளர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே இவர் முடித்துவிடுவதும், பேச்சாளர் அதைக் கேட்டுவிட்டு இது நன்றாக இருக்கிறதே என்று அப்படியே முடித்துக்கொள்வதும் நடந்திருக்கிறது. அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாக்கியத்தையாவது தன் வாயால் முடித்ததாக மேஸ்திரிக்கு நினைவில்லை. முந்திரிக்கொட்டை என்று அவருக்குப் பெயர் வைத்தாள். நாளடைவில் கொட்டை உதிர்ந்து முந்திரி மட்டும் நின்றது.

“நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றார் கடைக்காரர். “முதல் நம்பர் வேகம். ஒருத்தர் வாயைத் திறந்தா எவ்வளவு வேகமாப் பேசறார்னு வைங்க. ரெண்டாவது தாமதம். கேள்வி கேட்டப்புறம் அவர் வாயைத் திறக்கறதுக்கு எத்தனை சுத்து காத்திருக்கணும்னு அர்த்தம். கடிகாரச் சுத்து. மெமரிக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது, ஒரு நொடியில கோடிக்கணக்கான சுத்து. இது முப்பது சுத்து காக்கும், அது நாப்பது சுத்து காக்கும்.”

“பார்த்தியா, முப்பது,” என்றார் முந்திரி. “நான் சொன்னேன்ல. வாயைத் திறக்கறதுக்கே நாப்பது சுத்து எடுத்துக்கறவன் அப்புறம் எவ்வளவு வேகமாப் பேசி என்ன—”

“இருங்க சார். ஆனா எட்டாயிரத்துல கடிகாரமே வேகமாச் சுத்துது. வகுத்துப் பாருங்க. ரெண்டுக்கும் ஒரே நேரம்தான். ஒரு நொடியை நூறு கோடியா உடைச்சு, அதுல பத்தே துண்டு. இதுவும் பத்து, அதுவும் பத்து.”

மேஸ்திரி இரண்டு பெட்டிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ இவ்வளவு நேரம் எதுக்குச் சண்டை போட்டோம்?” என்றாள் மேஸ்திரி.

“பழக்கம்,” என்றார் முந்திரி.

அவள் கணினிக்குள் இருக்கிற போர்டு எட்டாயிரத்தைத் தாங்குமா என்று கடைக்காரர் சந்தேகப்பட்டதால் ஆறாயிரம், முப்பது என்று முடிவாயிற்று. பில் முந்திரி பெயரில் போடப்பட்டது. பெட்டியைப் பையில் வைக்கும்போது கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார்.

“ஜோடியைப் பிரிக்காதீங்க. வேற வேற பட்டையைச் சேர்த்துப் போட்டா ரெண்டுல எது மெதுவோ அதோட வேகத்துக்குத்தான் மத்ததும் ஓடும்.”

“எங்க வீட்டுலயும் அப்படித்தான்,” என்றார் முந்திரி. “இவளால நான் மெதுவா ஓடிக்கிட்டு இருக்கேன்.”

மேஸ்திரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதையும் அவரே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பட்டைகளைச் செருகி, கணினியைத் தட்டினார்கள். விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. முந்திரி இரண்டு நிமிஷம் பொறுத்தார்.

“செத்துப் போச்சு. அணைச்சிட்டு மறுபடியும்—”

“தொடாதீங்க. புது மெமரிக்குப் பயிற்சி நடக்குது. முதல் தடவை எந்த வேகத்துல எப்படிப் பேசணும்னு போர்டு அதுக்குச் சொல்லிக் கொடுக்கும். திரை இருட்டா இருந்தா பயிற்சின்னு அர்த்தம். நடுவுல கை வச்சா எல்லாம் கெட்டுப் போகும்.”

ஏழு நிமிஷம் இருட்டு. ஏழு நிமிஷமும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். எட்டாவது நிமிஷம் திரை விழித்தது. பட்டைக்குள் பொறித்திருந்த இயல்பான வேகம் நாலாயிரத்து எண்ணூறு; பெட்டிமேல் போட்டிருந்த ஆறாயிரம், தாண்டி ஓட்டினால் வருவது. அதைத் தாண்டி ஆறாயிரத்தில் வைத்தாள். ஒரு முழுப் பகலும் பிழைச் சோதனை ஓடியது, ஒரு பிழையும் இல்லை. முன்பு இருபது நிமிஷம் எடுத்த நாலு மணி வெயில் இப்போது பன்னிரண்டு நிமிஷத்தில் கூடத்தில் விழுந்தது. இருவரும் ஆளுக்கொரு தேநீரோடு உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பெட்டிக்கு அடியில் அந்தச் சீட்டு கிடைத்தது. பொறித்த வேகத்துக்கு மேல் கடிகாரத்தை ஓட்டுகிறவர்கள் பதினைந்து நாளுக்குள் கடிகார மீறல் ஒழுங்காணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. கூடவே படிவம்.

படிவம் சின்னதுதான். சின்னப் படிவத்தில்தான் ஆள் விழுவது வழக்கம். *நினைவை உடையவர்* என்று கேட்டிருந்தது. பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தானே என்று, கணவர் என எழுதினாள். *நினைவின் வேகம்:* ஆறாயிரம். *தாமதம்:* முப்பது. *தாமதத்தின் அலகு:* கடிகாரச் சுற்று. *அழுத்தம்:* மின்னழுத்தத்தைத்தானே கேட்கிறார்கள் என்று, 1.40. *நினைவு தனியா, ஜோடியா?* ஜோடி. *நினைவு இருக்கும் இடம்:* வீட்டில், என் மேசைக்குப் பக்கத்தில்.

எழுதியதில் ஒரு பொய் இல்லை. பிறகு எத்தனையோ முறை மனத்துக்குள் அந்தப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதும் ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆணையத்தின் வாசலில் ‘பதறாத காரியம் சிதறாது’ என்று ஆளுயர எழுத்தில் பொறித்திருந்தார்கள். உள்ளே இரண்டு பிரிவு. வேகப் பிரிவு பத்து மணிக்குத் திறந்து பதினோரு மணிக்கு மூடும். தாமதப் பிரிவு பதினோரு மணிக்குத் திறக்கும். வேகப் பிரிவில் ஒரே ஒரு முத்திரைக்காக அவள் மூன்று நாள் நடந்தாள். நாலாம் நாள் தாமதப் பிரிவுக்குப் போனபோது, அங்கே மூன்று மாதமாவது ஆகும் என்று எண்ணி ஒரு புத்தகமும் கொண்டுபோயிருந்தாள். அட்டையைத் திறப்பதற்குள் காரியம் முடிந்தது.

தாமதக் கண்காணிப்பாளர் ஒரு பெண்மணி. பஞ்சு மாதிரிக் குரல். தலைக்கு மேல் பெரிய சுவர்க் கடிகாரம்.

“ஆச்சரியமா இருக்கா?” என்றார் முத்திரையைக் குத்தியபடி. “எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வர்றாங்க. தாமதத்தைக் கொடுக்கறதுதாம்மா எங்க வேலை. அதைக் கொடுக்கறதுல நாங்க தாமதமே பண்ண மாட்டோம். முப்பது கடிகாரச் சுத்து, இல்லையா?”

“ஆமாம்மா.”

கண்காணிப்பாளர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நொடிமுள் ஒரு முழுச் சுற்று வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எதையோ குறித்துக்கொண்டார்.

“நல்ல தாமதம்,” என்றார். “நீங்களே கேட்டு வாங்கிக்கறீங்க. இப்படி ஜனங்க எல்லாரும் இருந்துட்டா எங்களுக்குச் சிரமமே இல்ல.”

ஆறாம் நாள் கடிதம் வந்தது. முந்திரிதான் பிரித்துப் படித்தார், மாநாட்டுக் குரலில்.

“‘தங்கள் கணவராகிய நினைவு, பதிவேட்டில் கண்ட வேகத்தையும் தாமதத்தையும் உடையதுதானா என்று அளவிடப்பட வேண்டியிருப்பதால், அதனை வரும் திங்கட்கிழமை காலை ஆணையத்துக்குக் கொண்டுவரவும்.’ கவனி மேஸ்திரி. வரச் சொல்லல. கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. என்னை எதுல வச்சுக் கொண்டுபோகப் போறே? அந்தக் காய்கறிப் பை—”

“சிரிக்காதீங்க. தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. போய்—”

“போய்ச் சொன்னா சரியாயிடும். சரி, சரி.”

அவள் கடிதத்தை வாங்கி மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

திங்கட்கிழமை ஆணையத்தில் ஓர் எழுத்தர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். “நாங்க கேட்டது நினைவை உடையவர். நீங்க எழுதினது கணவர். இதுல என்ன தப்பு?”

“அது மெமரிங்க. கணினியோட மெமரி.”

“மெமரின்னா நம்ம மொழியில என்ன?”

மேஸ்திரி கணவரைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளரால் பொய் சொல்ல முடியவில்லை. “நினைவு,” என்றார்.

“அதைத்தான் அச்சடிச்சிருக்கோம்.”

“முன்னாடி கணினின்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே.”

“போட்டுத்தான் இருந்தது. போட்டா வரி ரெண்டா உடையுது. ஆணையருக்கு வரி உடையறது பிடிக்காது.”

அளவீடு நடந்தது. முந்திரியை முக்காலியில் உட்கார வைத்து அக்குளில் வெப்பமானியைச் செருகினார்கள். கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நூற்று நாற்பது. எழுத்தர் படிவத்தில் 1.40 என்றிருந்ததைப் பார்த்து, “பொருந்துது. புள்ளி மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கு,” என்று எழுதிக்கொண்டார். எண்களை வரிசையாகச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். எழுத்தர் ஐம்பதாவது எண்ணைச் சொல்லுமுன் ஐம்பத்தொன்றை முந்திரி சொன்னார். எழுத்தர் கையிலிருந்த பட்டியலை அவர் எதிரே இருந்து தலைகீழாகவே படித்துவிட்டிருந்தார்.

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு மேஸ்திரியை ஓரமாக அழைத்தார். நல்ல மனிதர். அங்கே நல்ல மனிதர்கள் இருந்ததுதான் அவளைப் பிற்பாடு அதிகம் பயமுறுத்தியது.

“இந்த வேகம் இங்கே ஆகாதும்மா. ஆனா வழி இருக்கு. திருத்தப் படிவம்னு ஒண்ணு. ஆணையர் கையெழுத்துப் போட்டா உங்க பதிவே நீங்கிடும். மூணு நிமிஷ வேலை. ஒரே ஒரு நிபந்தனை. அவர் பேசும்போது உங்க வீட்டுக்காரர் வாயைத் திறக்கக் கூடாது.”

அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “மூணு நிமிஷம். உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன். மூணே மூணு—”

“நிமிஷம். புரியுது. நான் என்ன சின்னக் குழந்தையா?”

ஆணையரின் அறையில் கம்பளம் அவ்வளவு தடிமனாக இருந்ததால் நடந்தார்களா நின்றார்களா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆணையர் திருத்தப் படிவத்தை எடுத்து, பேனாவின் மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலு வார்த்தை பேசுவது அவர் வழக்கம்.

“அம்மா, நினைவு எதற்கு இருக்கிறது? மறக்காமல் இருப்பதற்கு என்பார்கள். அது தவறு. எதை எப்போது நினைவுபடுத்திக்கொள்ள வேண்டுமோ அப்போது நினைவுபடுத்திக்கொள்வதற்குத்தான் நினைவு. ஒரு பொதுக்கூட்டத்தில் நான் ஒன்று சொல்கிறேன். உடனே ஒருவனுக்குப் போன வருடம் நான் சொன்னது ஞாபகம் வருகிறது. இதனால் யாருக்கு என்ன லாபம்? அவனுக்கும் மனக்கஷ்டம், எனக்கும் மனக்கஷ்டம். அதே ஞாபகம் ஓர் அரைமணி கழித்து வரட்டுமே. கூட்டம் முடிந்திருக்கும், நாற்காலியை மடக்கியிருப்பார்கள், அவனும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். நாங்கள் யாருடைய நினைவையும் எடுப்பதில்லை. ஒரு பைசா அளவு நினைவைக்கூட இந்த ஆணையம் எடுத்ததில்லை. கொஞ்சம் தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான்.”

பேனா காகிதத்தைத் தொட்டது.

“போகட்டும். இந்தத் திருத்தப் படிவமெல்லாம் தற்காலிகம்தான். இன்று நான் உங்களுக்கு ஓர் உறுதி அளிக்கிறேன். வருகிற ஆண்டுக்குள்—”

“‘—கடிகார மீறல் படிவம் முற்றிலுமாக ஒழிக்கப்படும்,’” என்றார் முந்திரி.

பேனா நின்றது.

“போன வருஷம் சொன்னீங்க சார். மாநாட்டு மண்டபத்துல, பதினோரு மணி பத்து நிமிஷத்துக்கு. நான்தான் கூண்டுல உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். ‘வருகிற ஆண்டுக்குள்’னு சொல்லிட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சீங்க. அதுக்கு முந்தின வருஷமும் இதையே சொன்னீங்க. அப்போ தண்ணி குடிக்கல.”

அவர் சவாலுக்காகச் சொல்லவில்லை. ஆணையரின் வாக்கியம் அறையில் பாதியில் தொங்கியது, அவ்வளவுதான். பாதியில் தொங்குகிற வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. தவளைக்குத் தன் வாய்தானே தெரியும், பாம்பைப் பற்றி என்ன தெரியும்.

ஆணையர் கோபப்படவில்லை. பேனாவை மூடினார். முகம் முன்னைவிடக் கனிந்திருந்தது.

“அருமையான நினைவு,” என்றார். “இதற்கு அனுமதிக்கப்பட்ட தாமதம் எவ்வளவு?”

“முப்பது கடிகாரச் சுற்று, ஐயா,” என்றார் தாமதக் கண்காணிப்பாளர், சுவரோரத்திலிருந்து. அவர் எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

“யார் கேட்டது?”

“மனைவியே எழுதிக் கொடுத்திருக்காங்க, ஐயா.”

“அப்படியானால் அது குடும்ப விருப்பம். கடைப்பிடிக்கச் செய்யுங்கள்.”

பயிற்சி மூன்று நாள். கூடத்தின் கடைசியில் ஓர் அறை. கதவுக்கு மேல் சின்னக் கண்ணாடிச் சதுரம், அதற்குப் பின்னால் இருட்டு. மேஸ்திரி எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது, ஓயாமல், யாருடைய வாக்கியத்தையோ முடித்து முடித்து. இரண்டாம் நாள் நடுநடுவே கேட்டது. மூன்றாம் நாள் எழுந்துபோய்க் கதவில் கை வைத்தாள்.

“தொடாதீங்கம்மா,” என்றார் கண்காணிப்பாளர், தோளில் மெல்லத் தட்டி. “பயிற்சி நடக்குது. நடுவுல கை வச்சா எல்லாம் கெட்டுப் போகும்.”

இதே வார்த்தையைத் தான் எப்போது சொன்னோம் என்று அவளுக்கு உடனே நினைவு வந்தது. அவளுக்குத் தாமதம் எதுவும் இல்லையே.

கடைசி நாள் மத்தியானம் அவரை வெளியே விட்டார்கள். சவரம் செய்து, தலை வாரி, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். சட்டைப் பைமேல் ‘நிலையானவர்’ என்று ஒரு வில்லை ஒட்டியிருந்தது.

“சாப்பிட்டீங்களா?” என்றாள் வாசலிலேயே.

அவர் புன்னகை செய்தார். பதில் இல்லை.

“என்ன பண்ணாங்க? அடிச்சாங்களா? வலிக்குதா? ஏன் இப்படி—” என்று நிறுத்தினாள். வாக்கியம் தொங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்து கடிகாரத்தை மாட்டினார். அவள் சோறு போட்டு, “குழம்புல உப்பு போதுமா?” என்றாள். அவர் அவளைப் பார்த்து, “சாப்பிட்டேன்,” என்றார்.

ஆணையத்தின் வாசலில் ‘சாப்பிட்டீங்களா’ என்று அவள் கேட்டு அரைமணி ஆகியிருந்தது. நொடிமுள் சரியாக முப்பது சுற்று சுற்றியிருந்தது.

“கூட ஒரு வாய் போடட்டுமா?” என்றாள்.

“ஒண்ணும் பண்ணல,” என்றார். “அடிக்கல.” சற்றுப் பொறுத்து, “வலிக்கல,” என்றார்.

அதன்பிறகு அந்த வீட்டில் கேள்வியெல்லாம் ஒரு வரிசையில் போயிற்று, பதிலெல்லாம் இன்னொரு வரிசையில் வந்தது. குடை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் அவர் நனைந்து திரும்பி வந்து ‘ஆமாம்’ என்பார். மேஸ்திரி ஒரு தாளில் கேள்விகளை நேரம் போட்டு எழுதி வைத்துக்கொண்டாள், பதில் வரும்போது எது எதற்கென்று தெரிய. சிரிப்பும் அப்படியே ஆயிற்று. அவள் சொன்ன ஹாஸ்யத்துக்கு அரைமணி கழித்து, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சிரித்தார்.

வேலை போய்விடும் என்று பயந்தாள். வேலை கூடியது. ஆணையரே எல்லாக் கூட்டத்துக்கும் அவரைச் சிபாரிசு செய்தார். அவள் ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் முடிந்து ஜனங்கள் எழுந்து போனார்கள். விளக்கை அணைத்தார்கள். நாற்காலிகளை மடக்கினார்கள். அப்போது இருட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: “சபையோருக்கு வணக்கம்.” மிகத் தெளிவான மொழிபெயர்ப்பு. ஒரு வார்த்தை விடவில்லை.

வாசலில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு போனார்: “இப்பல்லாம் கூட்டம் எவ்வளவு அமைதியா நடக்குது பாருங்க.”

மறுநாள் மேஸ்திரி வேகத்தை நாலாயிரத்து எண்ணூறுக்கே இறக்கி, அதுவும் போதாதென்று கணினியை அணைத்து, பட்டை இரண்டையும் பிடுங்கி ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஆணையத்துக்குப் போனாள். தாமதக் கண்காணிப்பாளரின் மேசையில் முடிச்சை அவிழ்த்து வைத்தாள்.

“இதோ இருக்கும்மா மீறல். கழட்டிட்டேன். இனிமே ஒண்ணுமே இல்ல. அவரைப் பழையபடி ஆக்கிக் கொடுங்க.”

கண்காணிப்பாளர் ஒரு பட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதென்ன?”

“மெமரி.”

“அழகா இருக்கே. இதெல்லாம் நாங்க பார்க்கறது இல்லம்மா. பொறியோட நினைவு எங்க அதிகாரத்துல வராது. அதுக்குத் தனியா ஒரு ஆபீஸ் வரப்போகுது, இன்னும் திறக்கல.” பட்டையைப் பத்திரமாகக் கைக்குட்டையில் திருப்பி வைத்தார். பிறகு மற்றதையும் அதன் பக்கத்தில் ஒட்டி வைத்தார். “ஜோடியா?”

“ஜோடிதான்.”

“நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க.” இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தார். அவள் கையெழுத்துத்தான். ஆறாவது வரியில் விரலை வைத்தார். “நினைவு தனியா, ஜோடியா? ஜோடின்னு எழுதியிருக்கீங்க. நாங்க ஒண்ணைத்தான் சரி பண்ணியிருக்கோம். ஒரு வீட்டுல ரெண்டு விதத் தாமதம் இருந்தா எவ்வளவு சங்கடம்னு உங்களுக்கே தெரியும். நீங்க கேட்கறீங்க, அவர் பதில் சொல்லல, உங்களுக்கு அழுகை வருது. ரெண்டும் ஒரே மாதிரி ஆயிட்டா அழவே வேண்டாம். அழுகையும் மெதுவாத்தான் வரும்.” முத்திரை விழுந்தது. தாமதமே இல்லை. “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்துடுங்க. மாத்துத் துணி வேண்டாம். மூணே நாள்.”

வீட்டில் அவர் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நாலு மணி. நிஜமான வெயில் ஜன்னல் வழியே கூடத்தில் விழுந்துகொண்டிருந்தது. மேஸ்திரி பட்டைகளைத் திரும்பச் செருகி, கணினியைத் தட்டி, ஆறாயிரத்துக்கே ஏற்றினாள். திரை இருட்டாயிற்று. அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நான் அப்பவே சொன்னேன், எட்டாயிரம், நாப்ப—” என்று நிறுத்திப் பார்த்தாள்.

முள் சுற்றியது.

“பெரிய நம்பர்னு சொல்லல. நான் சொன்னது என்னன்னா—”

திரை விழித்துக்கொண்டது. அவர் விழிக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. அவள் முதல் வாக்கியத்திலிருந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பதில் அவர் உதட்டைப் பார்த்தாள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. முப்பது ஆனால் எதுவானாலும் ஒரு பதில் வரும் என்பதுதான் இதுவரை இருந்த ஒரே ஆறுதல். கேட்டால்தானே பதில், பாதி வாக்கியத்துக்கு யார் பதில் சொல்வார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். பாதி வாக்கியத்துக்குப் பதில் சொல்கிற ஒரே ஆள் இவர்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

வெயில் கூடத்திலிருந்து சுவருக்கு ஏறியது. அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை, நான் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடி, நீங்க—”